பதினெட்டு, பத்தொன்பது, இருபது

2017ஆம் ஆண்டு, ஆடி வெள்ளி. ஆயர் தாவாரில் அந்த வீட்டு அம்மாள் கோலமாவுக் கிண்ணத்தோடு வெளியே வந்தவர், போர்ச்சுக்குக் கீழே பார்த்துவிட்டு அப்படியே நின்றார். சிமென்ட் தரையில் உள்ளங்கை அகலத்துக்குச் செக்கச் செவேலென்று ஒரு வட்டம்.

"ஏங்க, நம்ம வாசல்ல யாருங்க ஆரத்தி கொட்டினது?"

உள்ளே பசியாறிக்கொண்டிருந்தவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர். முப்பது வருடம் கணக்குப் பாடம் நடத்தியவர். குனிந்து தொட்டு, இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்து, மோந்து பார்த்தார். மஞ்சளும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை. வழவழப்பும் லேசான கருகல் வாடையும்தான் இருந்தன. மேலே நின்ற 1973ஆம் ஆண்டு ஹோல்டன் பிரீமியர், தன் ஆட்டோ கியர் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தது.

அதிலிருந்து மூன்று மாதம் அவர் அலைந்தது சுண்டுவிரல் பருமனுள்ள இரண்டு குழாய்களின் நான்கு முனைகளுக்காக. அக்கம்பக்கத்தில் 'சாருக்கு மரை கழன்றுபோச்சு' என்று பேசிக்கொண்டார்கள். அவர்கள் சொன்னது ஒரு பொருளில். விஷயம் நிஜமாகவே மரையில்தான் இருந்தது என்பது அப்போது அவர் உட்பட யாருக்கும் தெரியாது.

அந்தக் கார் அவருக்குச் சிறுவயதிலிருந்தே பழக்கம். அவருடைய அப்பா அதை ஓட்டியவர்; சொந்தக்காரராக அல்ல, டிரைவராக. ஆயர் தாவார் வட்டாரத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் தொரைக்கென்று வந்த கார் அது. ஆஸ்திரேலியாவிலும் நம்மைப் போலவே இடப்பக்கச் சடக்கு, வலப்பக்க ஸ்டீயரிங். அதனால் ஹோல்டன் கார்கள் மலேசியாவுக்கு எந்த மாற்றமும் இல்லாமல் பொருந்தின. 1971 முதல் 1974 வரை வந்த எச்.கியூ. வரிசை அந்த நிறுவனத்தின் வரலாற்றிலேயே அதிகம் விற்றது: 4,85,650 கார்கள். பிரீமியர் அந்த வரிசையில் சொகுசான ரகம். 202 கன அங்குல ஆறு சிலிண்டர் என்ஜின், மெத்தென்ற இருக்கை, எல்லாவற்றுக்கும் மேலாக டிரைமேட்டிக் என்ற மூன்று வேக ஆட்டோ கியர்.

அதற்கு முன் அப்பா ஓட்டியதெல்லாம் கிளட்ச் மிதித்துக் கியர் போடும் ஆங்கிலேயக் கார்கள். இதில் கிளட்சே கிடையாது. முதல் ஒரு மாதம் அவருடைய இடது கால் இல்லாத கிளட்சைத் தேடித் தரையை மிதித்துக்கொண்டே இருந்ததாம். அந்த இடத்தில் மட்டும் மிதியடி தேய்ந்து நூல் தெரிந்ததைக் கடைசிவரை சொல்லிச் சிரித்தார். மாலையில் லயத்துப் பிள்ளைகள் சடக்கோரம் நின்று, 'தொரை காடி தானா கியர் மாத்துது' என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். அந்தப் பிள்ளைகளில் டிரைவர் மகன் மட்டும் கொஞ்சம் நெஞ்சு நிமிர்த்தி நிற்பான்.

தொரை 1970களின் கடைசியில் சொந்த நாட்டுக்குப் போனார். கார் தோட்டத்துக் கண்ட்ராக்டர் ஒருவர் கைக்கு மாறியது; அவரிடமிருந்து பந்தாய் ரெமிஸ் மீன் வியாபாரி ஒருவருக்கு. பின் இருக்கையில் ஐஸ் பெட்டி ஏறியது. பிறகு கார் ஒரு ரம்புத்தான் மரத்தடியில் நின்றது, வருடக்கணக்கில். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் இடிந்தன, தொரை பங்களாவின் படிக்கட்டு மட்டும் புல்லுக்குள் மிஞ்சியது. 2009ல் ஆசிரியர் காரைத் தேடிப்பிடித்து வாங்கியபோது அப்பா இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. பேராக் மாநிலத்துக்குரிய 'ஏ' எழுத்தில் தொடங்கும் அந்த நம்பர் தகடு மட்டும் பழையபடி இருந்தது. மகன் கூடவே வந்து பார்த்துவிட்டுக் கேட்டான்: "அப்பா, இதுல மீன் வாடை போகுமா?" முழுதாகப் போகவில்லை. மழை நாளில் இன்றும் வரும்.

ஆட்டோ கியர் எப்படி ஓடுகிறது என்பதை ஆசிரியர் விளக்கும் விதம் அவருடைய பழைய வகுப்பறையை நினைவூட்டும். இரண்டு மேசை விசிறிகளை எதிரெதிரே வையுங்கள். ஒன்றுக்கு மட்டும் மின்சாரம் கொடுங்கள். அதன் காற்றில் மற்றது தானாகச் சுற்றத் தொடங்கும். காற்றுக்குப் பதில் எண்ணெய் என்றால், அதுதான் என்ஜினுக்கும் கியருக்கும் நடுவே இருக்கும் டார்க் கன்வெர்ட்டர். இரும்பும் இரும்பும் தொடுவதில்லை. எண்ணெய்தான் விசையைக் கைமாற்றுகிறது. கைமாற்றும்போது கொதிக்கிறது. சுமார் 80 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 11 டிகிரி கூடும்போதும் எண்ணெயின் ஆயுள் பாதியாகும் என்பது மெக்கானிக்குகள் வைத்திருக்கும் தோராயக் கணக்கு.

அதனால் அந்த எண்ணெயை ஒரு குழாயில் ரேடியேட்டருக்கு அனுப்பி, இன்னொரு குழாயில் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். ரேடியேட்டர் தொட்டிக்குள் ஒரு பித்தளை உருளை மூழ்கியிருக்கும். எண்ணெய் அதனுள்ளே, தண்ணீர் வெளியே. கைவைக்க முடியாத சூட்டில் இருக்கும் தண்ணீர், தன்னைவிடச் சூடான எண்ணெயைக் குளிர வைக்கிறது. அந்தப் பித்தளையில் ஊசிமுனை ஓட்டை விழுந்தால் இரண்டும் கலந்து இளஞ்சிவப்பாகிவிடும். மலேசிய மெக்கானிக்குகளிடம் அதற்கு விளக்கமே தேவையில்லை, 'ஆயர் பண்டுங்' என்றால் போதும். கல்யாண வீட்டில் கொடுக்கும் ரோஜாப் பால் நிறம்.

எண்ணெய்க்குச் சிவப்பு சாயம் போட்டதே ஒழுகினால் எது ஒழுகுகிறது என்று தெரியத்தான். அந்தச் சிவப்புக்குப் பின்னால் ஒரு கடல் கதையும் உண்டு. 1970களின் தொடக்கம்வரை அமெரிக்க ஆட்டோ கியர் எண்ணெய்களில் ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெயைக் கலந்தார்கள். உராய்வைச் சீராக வைக்க அதற்கு இணையில்லை என்று. திமிங்கிலத்துக்குச் சட்டப் பாதுகாப்பு வந்ததும் அது நின்றது. மாற்றாக வந்த கலவைகளில் ஒன்று ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலரின் ஈயப் பற்றையே அரித்ததால், அதையும் திருத்த வேண்டியதாயிற்று. ஆயர் தாவார் தோட்டத்தில் தொரை காடிக்கு அப்பா முதன்முதலில் ஊற்றிய எண்ணெயில் திமிங்கிலம் இருந்ததோ என்னவோ என்று ஆசிரியர் சில நேரம் யோசிப்பார். அவர் மனைவிக்கு இந்த யோசனை பிடிக்காது.

ஒழுகலுக்குக் காரணம் சுலபமாகவே தெரிந்தது. ரேடியேட்டர் பக்கம் யாரோ எப்போதோ செம்புக் குழாய் போட்டிருந்தார்கள். என்ஜின் அதிரும், ரேடியேட்டர் அதிராது. நடுவில் மாட்டிய செம்பு வருடக்கணக்கில் நெளிந்து நெளிந்து இறுகி, நட்டுக்குப் பக்கத்திலேயே கீறியிருந்தது.

முதலில் பார்த்த மெக்கானிக் அரை மணி நேரத்தில் வேலையை முடித்தார். கீறிய செம்பையும் அதன் முனையிலிருந்த பழைய இணைப்புகளையும் கழற்றிப் பழைய இரும்புச் சாக்கில் எறிந்தார். கியர்ப் பெட்டியிலிருந்து வரும் இரும்புக் குழாய்களைப் பாதியில் வெட்டினார். ரேடியேட்டரில் வீட்டுத் தண்ணீர்க் குழாய்க் கடையில் வாங்கிய ஹோஸ் முனைகளை வெள்ளை டேப் சுற்றித் திருகினார். நடுவில் ரப்பர் ஹோஸ், நான்கு கிளிப். "போங்க சார், பத்து வருசத்துக்குக் கவலையில்ல."

பத்து நாள் தாங்கியது. சித்தியவான் போகும் சடக்கில், ஆயர் தாவாரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், என்ஜின் திடீரென்று உறுமியது, கார் நகரவில்லை. கியர் எதில் இருந்தாலும் ஒன்றுதான். முன்பக்கம் வெள்ளையாகப் புகை எழுந்தது. மோட்டாரில் போன இளைஞர்கள் இரண்டு பேர் நிறுத்தி, "அங்கிள், காடி எரியுது, எறங்குங்க!" என்று கதவைத் திறந்து இழுத்துவிட்டார்கள். எரியவில்லை. எண்ணெய் புகைக்குழாயில் கொட்டிப் புகைந்தது. வெட்டிய இரும்புக் குழாயின் முனை மொழுமொழுவென்று இருந்தது. ஹோஸ் நழுவாமல் பிடிக்க அதில் ஒரு சின்ன மேடு எழுப்பியிருக்க வேண்டும். எழுப்பவில்லை. சூட்டில் ரப்பர் இளகியதும் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. தோட்டம் இருந்த இடத்தைத் தாண்டி, தார்மேல் நாலு லிட்டர் ஆரத்தி.

அன்றைக்கு அவர் ஒரு முடிவு செய்தார். இனி ஒட்டு வேலை வேண்டாம். அந்தக் காருக்கு ஆஸ்திரேலியாவில் என்ன போட்டார்களோ அதையே வாங்கிப் போடுவது. இது கணக்கு வாத்தியாரின் முடிவு. விடை புத்தகத்தின் பின்பக்கத்தில் இருக்கும் என்று நம்புகிறவரின் முடிவு. பழைய பட்டறைக் கையேட்டைத் தேடி எடுத்தார். 5/16 அங்குலக் குழாய்; அரை அங்குலப் பருமனில் அங்குலத்துக்கு 20 மரை கொண்ட நட்டு; குழாயின் வாயை 45 டிகிரிக்கு இரட்டையாக மடித்து விரிக்க வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் வழக்கமான ஏற்பாடு. அடிலெய்டில் இருக்கும் பழைய உதிரிப்பாகக் கடை ஒன்றுக்கு எழுதி, நான்கு நட்டும், செம்பும் நிக்கலும் கலந்த குழாய்ச் சுருள் ஒன்றும் வரவழைத்தார். அந்த உலோகம் கையாலேயே வளையும், துருவும் பிடிக்காது, வெறும் செம்பைப் போலச் சீக்கிரம் கீறவும் கீறாது. வோல்வோ 1976லிருந்தே தன் கார்களின் பிரேக் குழாய்களுக்கு அதைப் போட்டு வந்தது.

பார்சல் வந்தது அக்டோபர் மூன்றாம் வாரத்தில். அதே வாரம், 20ஆம் தேதி, தென் ஆஸ்திரேலியாவின் எலிசபெத் ஆலையில் கடைசி ஹோல்டன் காரை இறக்கிவிட்டு உற்பத்தியை மூடினார்கள். செய்தியைப் படித்தபோது அவர் கையில் இருந்தது அந்த நான்கு நட்டு.

கியர்ப் பெட்டிப் பக்கம் இரண்டும் வெண்ணெயில் விரல் போல இறங்கின. ரேடியேட்டர்ப் பக்கம் வந்தார். நட்டு ஆட்டத்தோடு உள்ளே போனது. இரண்டு சுற்று சுற்றியது. மூன்றாவதில் அடம் பிடித்தது. கழற்றி மறுபடி வைத்தார். இரண்டு சுற்று, அடம். இரண்டாவது துளையிலும் அதே கதை. ஸ்பானரை நீளமாகப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தியிருந்தால் ஏறியிருக்கும், மரையைத் தின்றுகொண்டே. அதைச் செய்யாமல் ஸ்பானரைக் கீழே வைத்ததுதான் அந்த மூன்று மாதத்தில் தான் செய்த ஒரே புத்திசாலித்தனம் என்று சொல்வார்.

ஈப்போவுக்குப் போனார். ஆயர் தாவாரிலிருந்து எழுபது கிலோமீட்டருக்கு மேல், நண்பருடைய காரில். ஹோல்டன் அமெரிக்கக் குடும்பத்துக் கார், ஆகவே அமெரிக்கக் குழாய் மரையாக இருக்கும் என்று ஒருவர் கணித்தார். கால் அங்குல அமெரிக்க இணைப்பு இரண்டு வாங்கி வந்தார். அதுவும் இரண்டு சுற்று, அப்புறம் அடம்.

கால் அங்குலம் என்ற அந்தப் பேச்சே அவரை ஒரு வாரம் தூங்கவிடவில்லை. அளந்து பார்த்தால் அதன் பருமன் பதின்மூன்று மில்லிமீட்டருக்கு மேல் இருக்கிறது. அரை அங்குலத்தையே தாண்டுகிறது. கால் எப்படி அரையாகும்? குழாய் உலகத்தில் பெயர் வெளிப்பருமனுக்கு வைத்ததல்ல. பழங்காலத்து இரும்புக் குழாயின் உள்துளைக்கு வைத்தது. குழாயின் கனம் காலப்போக்கில் மாறியது, துளையும் மாறியது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. முப்பது வருடம் பின்னம் சொல்லிக்கொடுத்தவருக்கு இது நேரடி அவமானம்.

விடை கிடைத்தது வீட்டிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில், சித்தியவானில். 1903ல் லூரிங் என்ற மெதடிஸ்ட் பாதிரியார் சீனாவின் ஃபூக்கியானிலிருந்து ஹோக்சியூக் குடும்பங்களை அழைத்துவந்து குடியேற்றிய ஊர் அது. ஆயர் தாவார்ச் சீனர்களும் பெரும்பாலும் அந்த ஹோக்சியூ வழியினர். அங்கே ஒரு ஹைட்ராலிக் ஹோஸ் கடை. வாசலில் மீன்பிடிப் படகின் வின்ச், உள்ளே செம்பனை ஆலையின் பம்பு, மூலையில் தோண்டு இயந்திரத்தின் கை. படகு ஜப்பான், டிராக்டர் இங்கிலாந்து, புல்டோசர் அமெரிக்கா, வின்ச் எந்த ஊரோ. எல்லா நாட்டு மரையும் ஒரே கூரைக்குக் கீழே வந்து ஒழுகும் இடம். இத்தனை நாள் கார்க் கடைகளையே சுற்றியவருக்கு இங்கே வர வேண்டும் என்று தோன்றாததுதான் ஆச்சரியம்.

தவுக்கேக்கு எழுபது வயதிருக்கும். கழற்றிக் கொண்டுவந்த ரேடியேட்டரைப் பார்த்தார். துளையில் விரலை விட்டுப் பார்த்தார். பிறகு, "சிகு, முதல்ல போட்டது எங்கே?" என்று மலாயில் கேட்டார். சாக்கில் போயிற்று என்றார் ஆசிரியர். "அப்புறம் என்ன போட்டான்?" வீட்டுக் குழாய்க் கடை ஹோஸ் முனை. "அது சரியா ஏறிச்சா?"

ஏறியது. கையாலேயே ஏறியது.

தவுக்கே சிரித்தார். இழுப்பறையிலிருந்து ஒரு மரை அளவியை எடுத்தார். விசிறி போல விரியும் எஃகு இதழ்கள், ஒவ்வொன்றின் ஓரத்திலும் சீப்புப் பல். அந்த ஹோஸ் முனையை வாங்கி, 18 என்று பொறித்த இதழை வைத்து வெளிச்சத்தில் பிடித்தார்: பல்லுக்கும் மரைக்கும் நடுவே கீற்று வெளிச்சம். 20: அதே கீற்று, வேறு பக்கம். 19: இருட்டு.

"இனி புக்கான் அமெரிக்கா, சிகு. இனி இங்கிரிஸ்."

இது அமெரிக்கா இல்லை, இங்கிலீஷ். கால் அங்குல அமெரிக்கக் குழாய் மரை அங்குலத்துக்கு 18. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த நட்டு 20. ரேடியேட்டரில் இருந்தது பிரிட்டிஷ் குழாய் மரை, 19. ஒன்றே ஒன்று வித்தியாசம் என்பதால்தான் இரண்டு சுற்றுவரை வரவேற்று, மூன்றாவதில் கதவைச் சாத்தியது. அரை அங்குலக் குழாயில் இரண்டு நாட்டுக்கும் 14தான். வீட்டுத் தண்ணீர்க் குழாயில் எதை எதோடு திருகினாலும் ஒருமாதிரி ஓடிவிடும். கால் அங்குலத்தில்தான் இந்த வம்பு.

சண்டை பழையது. இங்கிலாந்தில் ஜோசப் விட்வர்த் 1841ல் மரைக்கு ஒரு பொது அளவு சொன்னார். அவருடைய பல்லின் கோணம் 55 டிகிரி. 1864ல் பிலடெல்பியாவில் வில்லியம் செல்லர்ஸ் எழுந்து, 55 டிகிரியை எவன் சரியாகச் செதுக்குவான், 60 போதும், செய்யச் சுலபம் என்றார். ஒரே மொழி பேசும் இரண்டு நாடு, ஒருவர் நட்டு மற்றவர் போல்ட்டில் ஏறாது. இரண்டாம் உலகப் போரில் ஒரே படையாக நின்று போரிட்டபோது இந்த ஐந்து டிகிரி எவ்வளவு தொல்லை என்று தெரிந்தது. 1948 நவம்பர் 18ல் அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் வாஷிங்டனில் ஒரே மரைக்குக் கையெழுத்துப் போட்டன; 60 டிகிரி வென்றது. ஆனால் அந்தக் கையெழுத்து போல்ட்டுக்கும் நட்டுக்கும்தான். குழாய் மரையைத் தொடவில்லை. அது இன்றுவரை இரண்டாகவே இருக்கிறது.

மலாயாவில் குழாய் போட்டவர்கள் ஆங்கிலேயர்கள். தோட்டத்து நீர்த்தொட்டி, ரப்பர் ஆலையின் பம்பு, லயத்துப் பொதுக் குழாய், எல்லாம் விட்வர்த்தின் 55. தொரை போய் நாற்பது வருடம் ஆகியும் ஆயர் தாவாரில் எந்த ஹார்டுவேர் கடையில் கேட்டாலும் கிடைப்பது அதுதான். அந்தத் தொரை ஏறிவந்த காரில் மட்டும் செல்லர்ஸின் 60.

அப்படியானால் ரேடியேட்டரில் 55 எப்படி வந்தது? தவுக்கே துளையைச் சுற்றிச் சுரண்டிக் காட்டினார். கறுப்புச் சாயத்துக்குக் கீழே, கையால் ஊற்றிய ஈயப் பற்று, சற்றே கோணலாக. ஆலையில் வைத்ததல்ல. ஆசிரியருக்கு அப்போதுதான் நினைவு வந்தது: மீன் வியாபாரியின் மகன் காரை விற்கும்போது, 'எண்பதுகள்ல அப்பா ரேடியேட்டர மாத்திக் கட்டினாரு' என்று சொன்னது. யாரோ ஒரு ரேடியேட்டர்க்காரர், உள்ளிருந்த கூலர் உருளையைப் புதிதாகச் செய்து, தன்னிடம் இருந்த மரைக் கருவியால் வாய் வெட்டியிருக்கிறார். அவரிடம் இருந்தது பிரிட்டிஷ் குழாய் மரைக் கருவி. அது குற்றமா? ஆசிரியர் அப்படி நினைக்கவில்லை. அந்தப் பற்று முப்பது வருடம் ஒரு சொட்டுக் கூட விடவில்லை; கீறியது குழாய்தான். புத்தகத்தில் இருந்த கார் 1973ல் ஆலையை விட்டு வந்த கார். இது அதற்குப் பிறகு நான்கு பேர் கைப்பட்ட கார். அவர் மூன்று மாதமாக வேறொரு காருக்குச் சாமான் தேடிக்கொண்டிருந்தார்.

அடுத்த கண்ணி அங்கேயே காத்திருந்தது. தவுக்கேயின் உதவியாள் ஒருவன், ஆஸ்திரேலிய நட்டின் மரையைப் பார்த்துவிட்டு, அதே அரை அங்குல 20 மரையில் ஒரு ஹைட்ராலிக் இணைப்பைக் கொண்டுவந்தான். வழுக்கிக்கொண்டு ஏறியது. ஆசிரியர் முகம் மலர்ந்தது. தவுக்கே அதைப் பிடுங்கி, தம்பியின் தலையில் தட்டாத குறையாகத் திருப்பி அனுப்பினார். ஹைட்ராலிக் இணைப்பின் மூக்கு 37 டிகிரி. போர்க்கால விமானங்களுக்கு அமெரிக்கப் படைகள் வகுத்த கோணம் அது. காரின் குழாய் வாய் 45 டிகிரி. மரை ஒன்று, மூக்கு வேறு. இந்த மாதிரி இணைப்பில் எண்ணெயை அடைப்பது மரை அல்ல. மூக்கும் வாயும் ஒன்றோடொன்று அழுந்துவதுதான். எட்டு டிகிரி இடைவெளியில் முதல் நாள் ஒழுகாது. இரண்டாம் நாள் ஒழுகும். "போட்டில இதப் பண்ணினா, கடல் நடுவுல தெரியும்," என்றார் தவுக்கே.

கடைக்குப் பின்னால் லேத் இருந்தது. ஆறு பட்டைப் பித்தளைக் கம்பியில் இரண்டு இணைப்பு கடைந்தார்கள். ஒரு முனை 19 மரை, 55 டிகிரி, ரேடியேட்டருக்கு. மறு முனை 20 மரை, 60 டிகிரி, நுனியில் 45 டிகிரி மூக்கு, குழாய்க்கு. கட்டைவிரல் நீளம் கூட இல்லாத துண்டு. மூக்குக்குத் தேவையான நட்டு பக்கத்து ஏர்கண்டிஷன் கடையில் கிடைத்தது. குளிர்பதனக் குழாய்களும் 45 டிகிரிதான். ரேடியேட்டரோடு சேரும் இடத்தில் செம்பு வாசர். ஆசிரியர் சட்டைப் பையிலிருந்து வெள்ளை டேப்பை எடுத்தார். தவுக்கே அதை வாங்கிக் குப்பைக் கூடையில் போட்டார். அதன் ஒரு நூல் பிய்ந்து எண்ணெயோடு போனால் கியர்ப் பெட்டியின் வால்வு ஓடையில் மாட்டிக்கொள்ளும். தண்ணீருக்குத்தான் டேப்.

டிரைமேட்டிக் கியரை ஆஸ்திரேலியாவிலேயே 'டிராமேட்டிக்' என்று கேலி செய்வது உண்டு. மன அதிர்ச்சி தரும் சாமான் என்று பொருள்பட. இந்த வீட்டில் அதிர்ச்சி தந்தது கியரல்ல, குழாய் வாய் விரிக்கும் வேலைதான். குழாயைக் கவ்வியில் பிடித்து, சின்ன அச்சை வைத்து நுனியை உள்ளே மடித்து, அப்புறம் கூம்பால் அழுத்தி இரட்டையாக விரிக்க வேண்டும். முதல் குழாய் வெடித்தது. இரண்டாவது கோணியது. மூன்றாவது அழகாக வந்தது. அதை மனைவிக்குக் காட்டினார், அவரும் மெச்சினார். காரடியில் போய்ப் படுத்தபிறகுதான் விரிப்பதற்கு முன் நட்டைக் குழாயில் கோக்கவில்லை என்று தெரிந்தது. நான்காவதில் கோத்தார், தலைகீழாக. சுருள் குறைந்துகொண்டே வந்தது. உலகத்தில் இந்த வேலை செய்த ஒவ்வொருவரும் இதே இரண்டு தவறையும் ஒரு முறையாவது செய்திருப்பார்கள் என்று தவுக்கே ஆறுதல் சொன்னார். சொல்லும்போது கொம்பியாங் ரொட்டி ஒன்றைக் கடித்துக்கொண்டிருந்தார், மற்றொன்றை நீட்டினார்.

எண்ணெய் ஊற்றி, என்ஜினை ஓடவிட்டு, கியரை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்து, மறுபடி அளவு பார்த்து ஊற்றினார்கள். இரவு காரடியில் பழைய தமிழ் நேசன் தாள்களை விரித்து வைத்தார். காலையில் சிவப்பு இல்லை. என்ஜினின் பின்பக்கம் கறுப்பாக ஒரு சொட்டு இருந்தது. அது என்ஜின் எண்ணெய், அது வேறு கதை. அடுத்த ஞாயிறு பந்தாய் ரெமிஸ் வரை போய்வந்தார்கள். மனைவி முன் இருக்கையில். திரும்பும் வழியில் மழை பிடித்தது. மீன் வாடையும் எழுந்தது.

ஒரு வேலை மட்டும் பாக்கி இருந்தது. அந்த எண்பதுகளின் ரேடியேட்டர்க்காரர் எதையும் எழுதி வைக்காததால் தான் பட்ட பாடு அடுத்தவர் படக் கூடாது என்று, அலுமினியத் தகடு ஒன்றில் ஆணியால் பொறித்துக் கம்பியால் ரேடியேட்டரில் கட்டினார். விளக்கமாக எழுத இடமில்லை. மரை 19, கோணம் 55. இரண்டு எண்ணை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் பொறித்தார்.

சில நாள் கழித்து அவர் பானெட்டைத் திறந்து வைத்திருந்தபோது அடுத்த வீட்டுக்காரர் வேலியோரம் வந்து எட்டிப் பார்த்தார். தகட்டைக் கண்டார். பழைய கார், தொரை ஓட்டியது, டிரைவர் மகன் கைக்கே திரும்பி வந்தது. அதன் வயிற்றுக்குள் நாலு நம்பர். அவர் ஒன்றும் கேட்கவில்லை. அந்த வாரம் 1955ஐ ஐந்து வெள்ளிக்கு எடுத்தார். விழவில்லை. அதன் பிறகுதான் வந்து, "சார், அது என்னா நம்பரு?" என்று கேட்டார்.